நல்ல டாக்டர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கரூர் கௌசி | திங்கள் இரவு 9.40

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 58 வயது, பதினொரு வருடமாகச் சுகர். போன புரட்டாசியில் நெஞ்சு கரிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். எங்கள் குடும்ப டாக்டரிடம் கூட்டிப் போனேன். தங்கமான மனிதர். உள்ளே நுழைந்ததுமே "வாங்கம்மா, பொண்ணுக்கு எப்போ கல்யாணம்?" என்பார். என் அப்பா இறந்தபோது வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தவர். "கேஸ்தான்மா, நேரத்துக்குச் சாப்பிடுங்க, காரத்தைக் குறைங்க" என்று வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் மூன்று முறை போனோம். மூன்று முறையும் கேஸ்.

தீபாவளிக்குச் சித்தி வீட்டுக்குப் போன இடத்தில் அம்மாவுக்கு மறுபடியும் வந்தது. அந்த ஊரில் பேர் போன சிடுமூஞ்சி டாக்டர் ஒருவர்தான் திறந்திருந்தார். பெயிண்ட் உரிந்த போர்டு, உள்ளே ஒரு பெஞ்சு. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. "எத்தனை வருஷமா சுகர்?" என்றார். அடுத்த கேள்வி: "சாப்பிட்டா வருதா, நடந்தா வருதா?" அம்மா யோசித்து, "மாடிக்குத் துணி காயப்போடப் போனா வருது, உட்கார்ந்தா போயிடுது" என்றார். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவரே எழுந்து போய் ஈசிஜி எடுத்தார். தாளைப் பார்த்துக்கொண்டே ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார். 108க்கும் அவரே போன் போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மூணு வாரமா? படிச்ச புள்ளதானே நீ?" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ பார்த்தார்கள். இரண்டு இடத்தில் அடைப்பு, ஒரு ஸ்டென்ட். முதலமைச்சர் காப்பீட்டில் முடிந்தது. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

இன்றைக்கும் அம்மாவிடம் கேட்டால் முதல் டாக்டர்தான் நல்ல டாக்டர். எனக்குத்தான் குழப்பம். நீங்கள் எதை வைத்து ஒருவரை நல்ல டாக்டர் என்கிறீர்கள்?

பழைய பேப்பர் | திங்கள் இரவு 9.58

அம்மா பிழைத்ததற்கு முதலில் சந்தோஷம். இழையைத் தொடர்கிறேன்.

துறையூரான் | திங்கள் இரவு 10.15

இதில் குழப்பம் எதற்கு? பிழைக்க வைத்தவர் நல்ல டாக்டர், அவ்வளவுதான். சிரிப்பை வைத்துக்கொண்டு நாக்கு வழிப்பதா? இப்போது சிரிக்கிறவர்கள்தான் அதிகம் பிடுங்குகிறார்கள். என் மச்சானுக்கு இடுப்பு வலி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வரவேற்பறையிலேயே ஜூஸ் கொடுத்தார்கள். வெளியே வரும்போது இரண்டு ஸ்கேன், பதினாறு ரத்தப் பரிசோதனை. கடைசியில் உள்ளூர் அரசு டாக்டர் குப்புறப் படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பார்த்து, தசைப்பிடிப்பு என்று சொல்லி அனுப்பினார். ஸ்கேன் எழுதினால் கமிஷன் போகும் என்பது ஊருக்கே தெரியும்.

ஓ.பி. சீட்டு | திங்கள் இரவு 11.30

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர். கமிஷன் வாங்குவது 2002 மருத்துவ ஒழுங்கு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எழுதுகிற ஸ்கேன் எல்லாமே கமிஷனுக்கு என்று நினைத்து எடுக்காமல் விட்டு, புற்றுநோய் முற்றி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கௌசி, உங்கள் அம்மா கதைக்கு வருகிறேன். நெஞ்சு கரிப்பு சாப்பாட்டோடு வந்தால் வயிறாக இருக்கலாம். நடந்தால் வந்து உட்கார்ந்தால் போகிறது என்றால், வேறு என்று நிரூபணமாகும்வரை அது இதயம். சுகர் இருப்பவர்களுக்கு வலியே தெரியாமல்கூட மாரடைப்பு வரும். பெண்களுக்குப் பல நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற சினிமா வலி வராது. மூச்சு வாங்கும், வாந்தி வரும், தாடை வலிக்கும், வெறும் அசதியாக இருக்கும். இன்னொன்று, முதல் ஈசிஜி நார்மல் என்பதால் மட்டும் தப்பித்ததாக அர்த்தமில்லை. சந்தேகம் இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இதற்கான மாத்திரை இருக்கும். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 8, ஆக மொத்தம் 14 மாத்திரை. மாரடைப்பு என்று தெரிந்தால் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது. நெஞ்சு வலித்தால் நேராக டவுனுக்கு பஸ் ஏறுகிறார்கள்.

அந்தச் சிடுமூஞ்சிக்கு என் வணக்கம். முதல் டாக்டரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் ஒரு முறை அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டவன்தான். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மலர்விழி | செவ்வாய் காலை 6.20

துறையூரான் அண்ணா சொல்வதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. சிரிப்பு முக்கியமில்லை என்று பிரசவ அறையில் படுக்காதவர்கள்தான் சொல்ல முடியும்.

எனக்கு முதல் பிரசவம். வலியில் கத்தியதற்கு அங்கிருந்தவர்கள் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. 'அப்போ சுகமா இருந்துச்சு, இப்போ கத்துறியா' என்ற ரகம். டாக்டரும் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல்தான் நின்றார். குழந்தை பிறந்தது. ராத்திரி வார்டில் எனக்கு ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. அடியில் விரித்த துணி நனைந்து சேலையும் நனைந்தது. கூப்பிட்டால் மறுபடி திட்டுவார்களோ என்று ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த பாட்டி பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொன்னார். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

இரண்டாவது பிரசவம் வேறொரு அரசு ஆஸ்பத்திரியில். அங்கே ஒரு டாக்டரம்மா, என் வயதுதான் இருக்கும். தையல் போடும்போது "இப்போ ஊசி குத்தும், ஒண்ணு ரெண்டு எண்ணு" என்று சொல்லிச் சொல்லிச் செய்தார். போகும்போது, "ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு பேடு முழுசா நனைஞ்சா என்னை எழுப்பு, திட்ட மாட்டேன்" என்றார். திட்ட மாட்டேன் என்று அவராகவே சொன்னார் பாருங்கள், அதை மறக்கவே முடியாது.

பழைய பேப்பர் | செவ்வாய் காலை 7.05

மலர்விழி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றவில்லை.

பிரசவ அறையில் மரியாதையாக நடத்த வேண்டும், கூட ஒரு பெண் துணை இருக்க விட வேண்டும் என்று 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த 'லக்ஷ்யா' திட்டத்திலேயே இருக்கிறது. சுவரில் போஸ்டரும் ஒட்டியிருக்கிறார்கள். என் தங்கை போன இடத்தில் அந்தப் போஸ்டருக்குக் கீழேயே நின்றுதான் திட்டினார்களாம்.

நெறியாளர் | செவ்வாய் காலை 8.00

நண்பர்களே, கெட்ட அனுபவத்தை எழுதும்போது ஆஸ்பத்திரி பெயரோ டாக்டர் பெயரோ ஊர் அடையாளமோ வேண்டாம். இரண்டு பதிவுகளில் வெட்டியிருக்கிறேன்.

வடசென்னை வாசி | செவ்வாய் காலை 10.10

நல்லதுக்குப் பெயர் சொல்லலாம் இல்லையா நெறியாளரே? வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம். 1973-ல் இரண்டு ரூபாய்க்குப் பார்க்க ஆரம்பித்தவர், கடைசிவரை ஐந்து ரூபாய்தான். 2020 ஆகஸ்டில் போய்விட்டார். எங்கள் பக்கம் அவரை டாக்டர் என்று தனியாகச் சொல்ல மாட்டார்கள், அஞ்சு ரூபா டாக்டர்தான்.

ஆனால் ஒன்று சொல்வேன். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் அந்த ஐந்து ரூபாயையே எழுதுகிறார்கள். ஐந்து ரூபாய்க்குத் தப்பான மருந்து கொடுத்திருந்தால் ஜனம் அத்தனை வருடம் போயிருக்குமா?

மாத்திரைக்கடை | செவ்வாய் மதியம் 3.45

மதிய நேரம், கடையில் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். இருபது வருடமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பிழைக்கிறவன். எங்களுக்கு நல்ல டாக்டர் யார் என்றால் சீட்டைப் பார்த்தாலே தெரியும்.

மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை. மூட்டுவாதத்துக்கு எழுதுவார்கள். வாரத்துக்கு ஒரு நாள்தான் போட வேண்டும். அதைத் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் இறங்கும், உயிருக்கே ஆபத்து. ஒரு பெரியவர் மாதக் கடைசிக்கு முன்னாலேயே மறுபடி வாங்க வந்தார். "அதுக்குள்ள தீர்ந்துருச்சா ஐயா?" என்றேன். "தினமும் ஒண்ணு போடுறேன்ல" என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தால் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் கோழி கிளறின மாதிரி ஒரு கோடு. டாக்டருக்குப் போன் போட்டோம், அன்றைக்கே பெரியவரை அட்மிட் செய்தார்கள்.

அதே மாத்திரையை இன்னொரு டாக்டர் எழுதுவார். மேலே மருந்துப் பெயர் பெரிய எழுத்தில். கீழே தமிழில் 'புதன்கிழமை மட்டும்' என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம். அதோடு சேர்த்து எழுதுகிற ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்கு நேராக 'புதன் தவிர'. அந்த டாக்டர் சிரிப்பாரா முறைப்பாரா எனக்குத் தெரியாது, நேரில் பார்த்ததே இல்லை. என் மனைவிக்கு மூட்டு வலி வந்தால் அவரிடம்தான் கூட்டிப்போவேன்.

வடமராட்சியான் | செவ்வாய் இரவு 8.30

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு அனுபவம். இங்கே அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அதே பெரிய டொக்டர்மார் பின்னேரத்தில் தனியாரிலும் பார்ப்பார்கள். அதைச் சனல் பண்ணுறது என்போம்.

என்ரை அப்பாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை. வாட்டிலே காலையில் டொக்டர் சுற்றி வருவார், பின்னாலே ஏழெட்டுப் பேர். கட்டிலடியில் நின்று இங்கிலீசில் ஏதோ சொல்லுவார், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அப்பா என்னைப் பார்த்து, "என்னவாம்?" என்று கேட்பார். எனக்கும் விளங்காது. ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் அதே டொக்டரைச் சனல் பண்ணினேன். அங்கே அவர் கதிரையை இழுத்துப் போட்டு, தாளிலே சிறுநீரகம் கீறிக் காட்டி, கிரியேட்டினின் என்றால் என்ன, உப்பு ஏன் குறைக்க வேணும் என்று பதினைந்து நிமிடம் விளங்கப்படுத்தினார். அருமையான மனுசன்.

பகல் முழுக்க வாய் திறக்காதவர் இரவிலே காசுக்குத்தான் கதைக்கிறார் என்று எனக்குக் கோபம். கேட்டும் விட்டேன். அவர் கோபிக்கவில்லை. "வாட்டில் எனக்கு அறுபது பேர், தம்பி. இங்கே பன்னிரண்டு பேர்" என்றார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள் என்று நினைத்தால் அவரையும் முழுக்கக் குறை சொல்ல ஏலாது. ஆனாலும் அந்த ஐந்து நாளும் அப்பா பயத்தோடைதானே கிடந்தவர்?

அந்தத் தாளை அப்பா தன்ரை கிளினிக் கொப்பிக்குள்ளே இன்னும் வைத்திருக்கிறார்.

ஓ.பி. சீட்டு | செவ்வாய் இரவு 11.50

வடமராட்சியான் சொன்ன அறுபதுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் முழு வேலையும். இன்று காலை ஓ.பி.யில் 140 பேர். நான்கு மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட வராது. 2017-ல் பிஎம்ஜே ஓப்பன் என்ற மருத்துவ இதழில் 67 நாடுகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்கும் சராசரி நேரம் சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. நாம் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

நேற்று சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். நாற்பது வயதுக்காரர், கூலி வேலை, தோள்பட்டை வலி என்றார். மூட்டை தூக்குகிறவர், தசை வலி என்று ஊசி போட்டு அனுப்பினேன். அன்று சாயங்காலமே இறந்துவிட்டார். அவர் மனைவி மறுநாள் வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஊசி எதுக்கு சார் போட்டீங்க?" அதற்குப் பிறகு, தோள்பட்டை வலி என்று யார் வந்தாலும் வேர்த்ததா, மூச்சு வாங்கியதா என்று கேட்காமல் விட்டதில்லை. பின்னால் நிற்கிற கூட்டம் கத்தினாலும் சரி.

அடிக்கவும் வருகிறார்கள். 2024 நவம்பரில் கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் டாக்டரை ஒரு நோயாளியின் மகனே கத்தியால் குத்தினார். அதற்கு மறுநாள் நானும் வேலைக்குப் போனேன். யாராவது பைக்குள் கை விட்டால் என் கண் அங்கேயே போனது. அந்தக் கண்ணோடு உட்கார்ந்துகொண்டு சிரிப்பது கஷ்டம்.

துறையூரான் | புதன் காலை 7.15

டாக்டர் சார், நான் எழுதியது உங்களைப் போன்றவர்களை இல்லை. அந்த அம்மா கேட்ட கேள்வி எனக்கே என்னவோ செய்கிறது.

சரி, தப்பு நடந்தால் எங்களுக்கு என்னதான் வழி? கத்தியும் கூடாது, கோர்ட்டுக்குப் போனால் பத்து வருடம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வக்கீல் குமாஸ்தா | புதன் காலை 11.20

முதலில் காகிதம். உள்நோயாளியாக இருந்தால் சிகிச்சை ஆவணங்களை ஆஸ்பத்திரி 3 வருடம் வைத்திருக்க வேண்டும், எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மேலே டாக்டர் சொன்ன அதே 2002 விதிகள்தான். வாயால் கேட்டுவிட்டு 'தர மாட்டேன் என்கிறார்கள்' என்று சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.

காசு கொடுத்துப் பார்த்த வைத்தியத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் போகலாம். இதை 1995-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கிற இடம் என்றால் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. டாக்டரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. போலீசுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: 2005 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி சாதாரணக் கவனக்குறைவு கிரிமினல் வழக்கு ஆகாது, மோசமான கவனக்குறைவாக இருக்க வேண்டும், அதற்கு முன் வேறொரு டாக்டரின் கருத்தையும் வாங்க வேண்டும்.

என் அனுபவத்தில் எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களில் பலருக்கு நஷ்ட ஈடு முதல் விஷயமே இல்லை. 'என்ன நடந்துச்சுன்னு யாரும் சொல்லல சார்' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

பழைய பேப்பர் | புதன் மதியம் 1.30

கௌசி, ஒரு கேள்வி, தப்பாக நினைக்காதீர்கள். மாடி ஏறினால் வருகிறது என்று முதல் டாக்டரிடம் அம்மா சொன்னாரா?

கரூர் கௌசி | புதன் இரவு 9.15

இல்லை. இந்தக் கேள்வியைத்தான் இரண்டு மாதமாக நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்று முறையும் கூடவே இருந்தேன். யோசித்துப் பார்த்தால், உள்ளே இருந்த ஐந்து நிமிடத்தில் நான்கு நிமிடம் என் கல்யாணம், ஜாதகம், சித்தி பையனின் வேலை. அவர் அவ்வளவு அன்பாகப் பேசும்போது 'இல்லை சார், மாடி ஏறினா வருது' என்று இடையில் நுழைக்க அம்மாவுக்குக் கூச்சம். "அவரே கேஸுன்னு சொல்லிட்டாரு, அப்புறம் நாம என்னத்தச் சொல்றது" என்கிறார் இப்போது. மலர்விழி அக்கா திட்டுக்குப் பயந்து வாயை மூடினார். என் அம்மா பாசத்துக்குக் கட்டுப்பட்டு மூடியிருக்கிறார். அக்காவின் பதிவைப் படித்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

மலர்விழி | புதன் இரவு 9.40

அந்த டாக்டரை மறுபடி பார்த்தீர்களா?

கரூர் கௌசி | புதன் இரவு 10.05

பார்த்தோம். நான் வேண்டாம் என்றேன், அம்மா கேட்கவில்லை. ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம் கழித்து, சளிக் காய்ச்சலுக்கு அவரிடம்தான் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நான் டிஸ்சார்ஜ் சம்மரியை வேண்டுமென்றே கையோடு எடுத்துப் போனேன். மேஜைமேல் வைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். கல்யாணம், ஜாதகம் எதுவும் கேட்கவில்லை. படித்து முடித்துவிட்டு அம்மாவிடம், "நடக்கும்போது வந்துச்சாம்மா?" என்றார். அம்மா தலையாட்டினார். "நான் கேட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பீஸ் வாங்கவில்லை. அம்மா கட்டாயப்படுத்தி மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

திட்டித் தீர்க்க வேண்டும் என்று ஒரு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் வீண்.

வடமராட்சியான் | புதன் இரவு 10.30

'நான் கேட்டிருக்க வேணும்' என்று சொல்லுற டொக்டரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஓ.பி. சீட்டு | புதன் இரவு 11.10

சொல்ல ஆசை உண்டு. சொன்னால் அதுவே நாளைக்கு நோட்டீஸில் வருமோ என்ற பயமும் உண்டு. வக்கீல் குமாஸ்தா கோபிக்க வேண்டாம்.

வக்கீல் குமாஸ்தா | வியாழன் காலை 9.00

கோபமில்லை சார். சொல்லாமல் விட்டவர்களுக்குத்தான் நாங்கள் அதிகம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

துறையூரான் | வியாழன் காலை 9.20

கௌசி, எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு வாரமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஈசிஜி இன்றைக்கே எடுக்கப் போகிறோம். அதோடு அந்தச் சிடுமூஞ்சி டாக்டரிடமும் ஒரு முறை காட்டலாம் என்று இருக்கிறேன். ஊரும் நேரமும் தனி மடலில் அனுப்ப முடியுமா?

கரூர் கௌசி | வியாழன் காலை 9.45

அனுப்பிவிட்டேன். இதுவரை கேட்டவர்களில் நீங்கள் ஒன்பதாவது ஆள். காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள், டோக்கன் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையில் போட்டுவிட்டு எதிர்க் கடையில் டீ குடிக்கலாம். பெரியப்பாவை வெறும் காலோடு நிற்க விடாதீர்கள், இன்னொரு ஜோடி செருப்பு கொண்டு போங்கள். திட்டுவார், வருத்தப்பட வேண்டாம் என்று அவரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.